"மழையோ வெயிலோ, விழா உண்டு" என்று அச்சடிக்கும் முன்

எங்கள் பியர், ஜாஸ் விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கூட்டத்தில் அடுத்த ஆண்டுச் சுவரொட்டியின் வாசகம் முடிவானது: "மழையோ வெயிலோ, விழா உண்டு." எல்லோரும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மணி பத்தாகிவிட்டது, எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். கேட்டிருந்தாலும் நின்ற இடத்தில் இரண்டு வார்த்தையில் சொல்லியிருக்க முடியாது. அதனால்தான் இந்த மடல். குழுவுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. அந்தக் கூடாரத்துக்கு அடியில் நிற்கப்போகிறவர்கள் நாம் பதினோரு பேர் மட்டும் அல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். விழாவைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மழைக்குப் பயந்தவன் திறந்தவெளியில் ஜாஸ் வைக்கவே கூடாது. ஒன்பது ஆண்டுகளில் ஐந்து முறை நனைந்திருக்கிறோம். அதில் இரண்டு முறை நாம் நடத்தியவற்றிலேயே சிறந்த இரவுகள். நான் கேட்பது ஒன்றுதான். விழாவை நிறுத்தும் அதிகாரம் யாருடையது, எந்த நிலை வந்தால் நிறுத்துவது என்பதை இப்போதே, வானம் தெளிவாக இருக்கும்போதே, பெயரும் எண்ணுமாக எழுதி வையுங்கள்.

சென்ற ஆண்டு சனிக்கிழமை மாலையை நினைத்துப் பாருங்கள். ஐந்தரை மணி இருக்கும். மதியத்திலிருந்தே தூறல், யாரும் பொருட்படுத்தவில்லை. மேடையில் ஐவர் குழு இரண்டாவது பாட்டின் நடுவில் இருந்தது. பியர் கூடாரத்தின் மேற்குப் பக்கத் திரை ஒருமுறை உள்ளே குழிந்து, பட்டென்று வெளியே உப்பியது. நான் அந்தப் பக்கம் கயிறு கட்டியிருந்த முளையைப் பார்த்தேன். காலையில் நானே சம்மட்டியால் அடித்து இறக்கிய இரும்பு முளை. அடித்து முடித்தபோது தலை மட்டும்தான் தெரிந்தது. இப்போது நான்கு விரற்கடை மேலே வந்திருந்தது. காற்று இழுக்கும்போதெல்லாம் அதைச் சுற்றியிருந்த சேற்றில் சின்னதாக ஒரு குமிழி கிளம்பி உடைந்தது. குனிந்து கையால் அசைத்துப் பார்த்தேன். விழப்போகிற பால்பல் போல ஆடியது.

ஓடிப்போய் பியர் விற்பனைப் பொறுப்பாளரிடம் சொன்னேன். மேடைக்காரர்களைக் கேளுங்கள் என்றார். மேடைப் பொறுப்பாளர், ஒலிப் பொறியாளர் சொன்னால் நிறுத்திவிடுகிறேன் என்றார். ஒலிப் பொறியாளர் கூலிக்கு வந்தவர். நிகழ்ச்சி உங்களுடையது, நான் எப்படிச் சொல்வது என்று கேட்டார். அது நியாயம்தான். தலைவர் வாகன நிறுத்தத்தில் முழங்கால் வரை சகதியோடு யாருடைய காரையோ தள்ளிக்கொண்டிருந்தார். அவரைக் கண்டுபிடித்து அழைத்துவந்து, நான்கு பேரும் வட்டமாக நின்று வானத்தைப் பார்த்தோம். பார்த்தோம், அவ்வளவுதான். "இந்தப் பாட்டு முடியட்டும்" என்றார் ஒருவர். அந்தப் பாட்டில் டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் வேறு இருந்தது.

முளையைப் பார்த்ததிலிருந்து இசை நின்றது வரை இருபத்திரண்டு நிமிடம். கூடாரம் விழவில்லை; காற்று தானாக அடங்கியது. அதை நம் சமயோசிதம் என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொண்டோம். அந்த வரியை எழுதியவன் நான்தான். அதனால் யாரையும் குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில், இசை நிகழ்ச்சி தொடங்கவிருந்த நேரத்தில் புயல் காற்று வீசி மேடைக் கூரை மக்கள் மேல் சரிந்தது. ஏழு பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கிய அமைப்பே போதுமான வலுவோடு இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது: நிகழ்ச்சியைத் தள்ளிவைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில் அங்கே தெளிவு இருக்கவில்லை. வானிலை எச்சரிக்கைகள் வந்துகொண்டுதான் இருந்தன. கூரை சரிவதற்குச் சில நிமிடங்கள் முன்பு மேடையிலிருந்து ஒரு அறிவிப்பும் வந்தது. வானிலை மோசமாகலாம் என்று எச்சரித்த அதே அறிவிப்பு, நிகழ்ச்சி நடக்கும் என்ற நம்பிக்கையையும் கொடுத்தது. அதற்கு ஐந்து நாள் கழித்து பெல்ஜியத்தில் புக்கல்பாப் விழாவைப் புயல் தாக்கியதில் ஐந்து பேர் இறந்தார்கள்.

அவர்களெல்லாம் பெரிய விழாக்காரர்கள், நம் கூடாரம் சின்னது என்று சொல்வீர்கள். காற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அங்கே சம்பளம் வாங்கும் அதிகாரிகள் இருந்தும் குழப்பம் வந்தது. நம்மிடம் அது இன்னும் எளிதாக வரும். நாம் தன்னார்வலர்கள், யாரும் யாருக்கும் கட்டளை இடுவதில்லை. விடுமுறையை விட்டுக்கொடுத்து ஒரு வருடம் உழைத்த நண்பரிடம் போய், உன் நிகழ்ச்சியை நிறுத்து என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறோம். ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஊர் கூடி முட்டுக்கட்டை போட முடியாது. ஓடுகிற சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகுவது ஓர் ஆளின் வேலை. அந்த ஆள் யார் என்பது வடம் பிடிக்கும் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"பார்த்துக்கொள்ளலாம்" என்ற நம் வழக்கமான பதில் காற்றிடம் ஏன் செல்லாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் திரையை ஏறத்தாழ 6 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. 72 கிலோமீட்டரில் அது 25 கிலோ. நம் மேற்குத் திரை ஆறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம். அப்படியானால் அந்த வேகத்தில் ஏறத்தாழ 450 கிலோ, ஈரமண்ணில் ஊன்றிய சில முளைகளை நம்பி நிற்கிறது. அதுவும் சீராக அல்ல, வீச்சு வீச்சாக. தலைக்கு மேல் கணக்கு இன்னும் எளிது: ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். அறுபது சதுர மீட்டர் கூரையில் பத்து மில்லிமீட்டர் பெய்தால் 600 லிட்டர். கூரைத்துணி தொய்ந்திருந்தால் அதில் ஒரு பங்கு வழியாமல் அங்கேயே தேங்கும். தேங்கிய எடையால் தொய்வு கூடும். தொய்வு கூடியதால் இன்னும் தேங்கும். துடைப்பக் கட்டையால் கீழிருந்து குத்தித் தண்ணீரைத் தள்ளிவிட்ட பையனைப் பார்த்து நாம் சிரித்தோம். அந்த நேரத்தில் உருப்படியான வேலை செய்தவன் அவன் ஒருவன்தான்.

எத்தனை வேகத்துக்கு மேல் ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது கூடாரத்தோடு வரும் கையேட்டில் இருக்கும். நம் கோப்பில் அந்தக் கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் பத்திரமாக இருக்கிறது. நேற்றுதான் பார்த்தேன். கையில் பிடிக்கும் காற்றுவேகமானி ஒன்று வாங்கச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அந்தப் பணம் பதாகைக்குப் போனது. அந்தப் பதாகைதான் காற்று வீசியபோது முதலில் அவிழ்க்க வேண்டியிருந்தது.

மின்னலுக்குக் கருவியே தேவை இல்லை. ஒளிக்கும் ஒலிக்கும் இடையே மூன்று விநாடி என்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது; இசை நிற்க வேண்டும், மக்கள் கெட்டியான கட்டடத்துக்குள்ளோ கூரை உள்ள காருக்குள்ளோ போக வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் திரும்பி வரலாம். மழை விட்டாலும் தூவானம் விடாது என்பார்கள். மின்னல் விஷயத்தில் மழையே தொடங்கியிருக்காது, தூரத்து மேகத்திலிருந்து அது வந்து விழும். கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பு அல்ல. உலோகக் கம்பங்கள் நட்டு, நடுவில் ஈரத் தரையில் முந்நூறு பேரை நிறுத்தினால் அதைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

நிறுத்தத் தயங்குவதற்கு மரியாதை மட்டும் காரணம் அல்ல என்பது நமக்குள் தெரிந்த ரகசியம். பியர்தான் காரணம். நாம் பெருமையோடு வாங்கும் பீப்பாய் பியர் உயிருள்ள சரக்கு. ஈஸ்ட் உள்ளேயே இருக்கிறது. கொண்டுவந்து சாய்மானத்தில் வைத்து ஒரு நாளாவது அசையாமல் விட்டால்தான் கசடு அடியில் தங்கித் தெளியும். குழாய் அடித்துத் திறந்துவிட்டால் காற்று உள்ளே போகத் தொடங்கும். மூன்று நாளுக்குள் விற்றாக வேண்டும். திறந்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆக, வெள்ளிக்கிழமை மாலை வரிசையாக எல்லாப் பீப்பாய்களுக்கும் குழாய் அடிக்கும் அந்தச் சடங்கின்போதே, ஞாயிறு வரை விழா நடந்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை நம் கழுத்தில் நாமே கட்டிக்கொள்கிறோம். சனிக்கிழமை வானத்தைப் பார்த்த நால்வரில் ஒருவராவது மனதுக்குள் பீப்பாய்களை எண்ணிக்கொண்டிருந்தார். நான் எண்ணினேன். பதினேழு.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வானிலை சரியில்லை என்று தெரிந்தால் பாதியை அழுத்தமூட்டிய கெக்காக வாங்கலாம். அது மூடிய பாத்திரம். திறக்காதவரை வாரக்கணக்கில் தாங்கும், பேசி வைத்தால் திருப்பியும் எடுத்துக்கொள்வார்கள். பீப்பாய்களையும் ஒரே நாளில் திறக்காமல் விற்பனையைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திறக்கலாம். ருசியில் சமரசமா என்று நம் பியர் தேர்வுக் குழு கொதிக்கும் என்று தெரியும். காற்றில் ஆடும் கூடாரத்தில் சாய்மானமும் ஆடுகிறது, அடியில் படிந்த கசடு கலங்கிக் கோப்பைக்கு வருகிறது. சென்ற ஆண்டு சனிக்கிழமை இரவு நாம் விற்றது சேற்று நிறத்தில் இருந்ததை அவர்களும் பார்த்தார்கள்தானே. போதாக்குறைக்கு, நனைந்து நடுங்கும் மனிதன் குளிர்ந்த பியரை நிறையக் குடிப்பதும் இல்லை. சூடாக ஏதாவது கிடைக்குமா என்றுதான் கேட்கிறான். கேட்காமல் குடிப்பவனைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். மது தோலடி ரத்தக்குழாய்களை விரிக்கிறது; உடம்பு கதகதப்பாக இருப்பதாகத் தோன்றும், உண்மையில் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். ஈர உடையும் காற்றும் சேர்ந்தால் இது விளையாட்டு இல்லை. விற்பனை மேசைக்குப் பின்னால் எட்டு மணி நேரம் நனைந்த சட்டையோடு நின்ற தன்னார்வலர்களுக்கு மாற்று ஆளும் இல்லை, உலர்ந்த இடமும் இல்லை. அவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

இசைக்காரர்கள் பக்கம் கொஞ்சம். பியானோ இசைவு பிசகுகிறது. சாக்ஸபோனின் தோல் பட்டைகள் ஈரத்தில் ஊறித் துளையோடு ஒட்டிக்கொள்கின்றன. டபுள் பேஸின் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. குளிரில் ஊதுகருவிகளின் சுருதி இறங்கும், கம்பிக் கருவிகளின் சுருதி ஏறும். ஒரே மேடையில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போனால் எந்த மேதையாலும் சேர்த்துவைக்க முடியாது. இவையெல்லாம் தொல்லைகள்தான், ஆபத்து அல்ல. ஆபத்து மின்சாரம். ஈரக் கையோடு மைக்கைப் பிடிக்கும் பாடகருக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில், கசிவு 30 மில்லியாம்பியரைத் தொட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. இருக்க வேண்டும். அது அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேரடி இணைப்புக் கொடுத்த புத்திசாலி யார் என்று எனக்குத் தெரியும். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கும் தெரியும்.

ஆனால் ஜாஸுக்கு ஒரு வரம் உண்டு. அது மின்சாரம் இல்லாமல் வளர்ந்த இசை. நியூ ஓர்லியன்ஸ் தெருக்களில் டிரம்பெட்டும் டிராம்போனும் தோளில் சுற்றிய சூசபோனும் மைக் இல்லாமல் ஊர்வலம் போயிருக்கின்றன, பின்னால் ஆடிவரும் கூட்டத்தின் கையில் குடைகளும் உண்டு. 1846-இல் காப்புரிமை பெற்ற சாக்ஸபோனே ராணுவ வாத்தியக் குழுக்களில் திறந்தவெளிக்காகப் பழக்கப்பட்ட கருவி. நம் விழாவிலேயே, மூன்று ஆண்டுகளுக்கு முன் காற்றே இல்லாத கனமழையில் ஜெனரேட்டரை அணைத்த இரவில், அந்தப் பித்தளைக் குழு மேடையை விட்டு இறங்கிக் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? டிரம்ஸ்காரர் ஸ்னேர் ஒன்றை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கைவிளக்கு வெளிச்சத்தில் சூசபோனின் வாய்க்குள் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது; வாசித்தவர் பாட்டு முடிந்ததும் கருவியைக் கவிழ்த்தார், ஒரு கோப்பை தண்ணீர் கொட்டியது, கூட்டம் அதற்கும் கைதட்டியது. மேடையை நிறுத்துவது விழாவை நிறுத்துவதாகாது என்பதற்கு அந்த இரவே சாட்சி. எந்தக் குழு மின்சாரம் இன்றி வாசிக்கும் என்று ஒப்பந்தத்திலேயே கேட்டு வைத்தால், மழையில் விழா நடத்துவது அவ்வளவு கடினம் இல்லை. மழைக்கும் காற்றுக்கும் இடிக்கும் ஒரே பெயர் வைத்துப் பேசுவதுதான் நம் கோளாறு. எனக்கு விட்டால் சுவரொட்டியில் இப்படிப் போடுவேன்: "மழையில் விழா உண்டு. காற்றிலும் இடியிலும் இல்லை."

நிறுத்தும் ஆள் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? பியர் விற்பனையிலோ கல்லாவிலோ மேடையிலோ பொறுப்பு இல்லாதவராக, இசைக்குழுக்களை அழைத்தவராகவும் இல்லாதவராக. அந்த மூன்று நாளும் அவர் பியர் தொடக்கூடாது. இதைத்தான் தியாகம் என்கிறேன். அவருக்கு ஒரு மாற்றாள். இருவர் கையிலும் வாக்கி-டாக்கி, ஏனென்றால் நனைந்த விரலுக்கு நம் கைபேசித் திரைகள் அசைந்து கொடுப்பதில்லை. அவர் நிறுத்து என்றால் பாட்டின் நடுவிலும் நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் விவாதம் கிடையாது. மறுநாள் கூட்டம் போட்டு அவரை ஆசை தீரத் திட்டிக்கொள்ளலாம். சில முறை அவர் தவறாகத்தான் நிறுத்துவார், காற்று வராமலே போகும், கல்லா காலியாக இருக்கும். அந்த நட்டத்துக்கு முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள், அல்லது மோசமான வானிலைக்கான காப்பீட்டைப் போதிய நாட்களுக்கு முன்பே எடுத்து வையுங்கள். மழைக்குப் பயந்து கூட்டம் குறைந்தால் அந்தக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது என்பதையும் படித்துவிட்டு எடுங்கள்.

அறிவிப்பையும் முன்பே எழுதி வைக்க வேண்டும். எங்கே போவது, எந்த வழியாக, டிக்கெட் என்ன ஆகும்: மூன்றே விஷயம். "சிறிது நேரத்தில் தொடரும் என்று நம்புகிறோம்" என்ற வரி கூடவே கூடாது. அதைக் கேட்டவர்கள் கோப்பையை நிரப்பிக்கொண்டு அங்கேயேதான் நிற்பார்கள். ஜாஸ் ரசிகர்கள் சாதுக்கள், சொன்னால் கேட்டுக்கொள்வார்கள் என்றும் நம்ப வேண்டாம். 1960-இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில், உள்ளே இடம் கிடைக்காமல் வெளியே குடித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் கலவரத்தில் இறங்கியதால் விழாவையே பாதியில் முடிக்க வேண்டியிருந்தது.

வாகன நிறுத்தச் சேறு பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். வைக்கோல் கொட்டினால் முதல் இரண்டு மணி நேரம் அழகாக இருக்கும், பிறகு அதுவும் சகதியோடு சேர்ந்துவிடும் என்பதோடு இப்போதைக்கு விடுகிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரே ஒரு தாளைக் கொண்டுவருகிறேன். அதில் நான்கு இடங்கள் காலியாக இருக்கும். நிறுத்தும் அதிகாரம் உள்ளவர் பெயர், மாற்றாள் பெயர், இசையை நிறுத்த வேண்டிய காற்று வேகம், கூடாரத்தைக் காலி செய்ய வேண்டிய காற்று வேகம். கையேட்டையும் எடுத்துவருகிறேன், உறையைப் பிரித்தே. பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டால் வழக்கம்போல வெள்ளிக்கிழமை விடிகாலையில் சம்மட்டியோடு வந்துவிடுவேன். இல்லாவிட்டால் இந்த முறை முளை அடிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு, கூடாரத்துக்கு வெளியே குடை பிடித்து நின்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒன்பது ஆண்டுகளாக மேற்குப் பக்க முளைகளை அடித்துவரும் தன்னார்வலன்